‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா? ஃப்ரேசல் வெர்ப், ஓர் எளிய அறிமுகம்

‘காட்டிக்கொடுத்தான்’ என்ற சொல்லைத் தமிழ் கற்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அகராதியை வைத்துப் பிரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘காட்டு’ என்று ஒரு வினை இருக்கிறது. ‘கொடு’ என்று இன்னொன்று. எதையோ காட்டினான், பிறகு அதைக் கொடுத்தும் விட்டான், தாராள மனசுக்காரன் போலிருக்கிறது என்று அவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. இரண்டு சொற்களுக்கும் அவர் பார்த்த பொருள் சரி. சேர்ந்து வரும்போது அவை துரோகத்தைக் குறிக்கும் என்பதுதான் எந்தச் சொல்லிலும் எழுதியிருக்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’, ‘கிவ் இன்’, ‘டர்ன் டவுன்’ போன்றவற்றைச் சந்திக்கும்போது நாமும் அந்த வெளிநாட்டுக்காரரின் நிலையில்தான் இருக்கிறோம். இவற்றுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் இவை நூற்றுக்கணக்கில் அகரவரிசையில் அணிவகுத்து நிற்கும். உருப்போட்டவர்களுக்கு ‘கிவ் இன்’ எது, ‘கிவ் அவுட்’ எது, ‘கிவ் அவே’ எது என்று சீக்கிரமே குழம்பிவிடும். கூடவே சில நம்பிக்கைகளும் பரவிக் கிடக்கின்றன. வினைக்குப் பின்னால் ஒரு ப்ரெபொசிஷன் வந்தாலே அது ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். இவையெல்லாம் பேச்சுவழக்கு, எழுத்தில் வரக்கூடாது என்பார்கள். இவற்றுக்குக் காரணகாரியம் கிடையாது, மனப்பாடம் ஒன்றே வழி என்பார்கள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி தவறு.

இங்கே பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. ‘புட் ஆஃப்’ என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்போம். மற்றவை தேவைப்படும் இடத்தில் வந்துபோகும். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். இதில் பாதி விஷயம் காதில்தான் பிடிபடும்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தை

சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு. மூன்றிலும் ‘கொடு’ வருகிறது, மூன்றிலும் எந்தப் பொருளும் கைமாறவில்லை. ‘எழுதித் தள்ளுகிறார்’ என்றால் யாரும் எதையும் தள்ளவில்லை, நிறைய எழுதுகிறார், அவ்வளவுதான். ஒரு வினை இன்னொரு வினையோடு சேரும்போது தன் சொந்தப் பொருளைக் கொஞ்சமோ முழுவதுமோ இழந்து, புதிதாக ஒன்றைத் தருகிறது. நம் இலக்கணம் இப்படிச் சேரும் வினையைத் துணைவினை என்கிறது.

‘கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கையால் தள்ளியதும் இல்லை, எங்கும் போட்டதும் இல்லை. ஆனாலும் தள்ளுவதில் உள்ள ‘அப்பால்’ என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதே வேலையை ஆங்கிலம் ‘புட் ஆஃப்’ என்று செய்கிறது. ‘புட்’ என்றால் வை அல்லது போடு. ‘ஆஃப்’ என்றால் விலகி, அப்பால். ‘தே புட் ஆஃப் த வெட்டிங்’ என்றால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

ஒப்புமை இதுவரைதான் வரும். தமிழ் ஒரு வினையோடு இன்னொரு வினையைச் சேர்க்கிறது. ஆங்கிலமோ வினையோடு அப், அவுட், ஆஃப், ஆன், டவுன் போன்ற சின்னஞ்சிறு சொல்லைச் சேர்க்கிறது. தமிழில் காலம் காட்டுவது கடைசியில் நிற்கும் சொல்: தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போடுவார்கள். ஆங்கிலத்தில் முதலில் நிற்கும் வினை மட்டும் மாறும்: கிவ் அப், கேவ் அப், கிவன் அப். அந்த ‘அப்’ எந்தக் காலத்திலும் அசையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘தள்ளிப்போடு’ என்பதன் நடுவில் ‘தள்ளித்தான் போட்டார்கள்’ என்பது போல ஒரு ‘தான்’ நுழையலாமே தவிர கல்யாணமே நுழைய முடியாது. ஆங்கிலத்தில் நுழையும்: ‘தே புட் த வெட்டிங் ஆஃப்’. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயர் வைத்தவர்கள்

ஃப்ரேசல் வெர்ப் என்பது வினையும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரே வினையைப் போல இயங்குவது. அந்தச் சிறுசொல்லை ஆங்கில இலக்கணம் பார்ட்டிகிள் என்கிறது. நான் சிறுசொல் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பெயருக்கு வயது அதிகமில்லை. எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூலில் இதைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் இது என்றும் ஸ்மித்தே குறிப்பிட்டிருக்கிறார். தொல்லை மட்டும் பெயரைவிடப் பழையது. 1755-இல் வந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப்பெரிய சிரமத்தைத் தருகிறது என்று எழுதினார். ‘செட் அவுட்’, ‘பிரேக் ஆஃப்’, ‘கிவ் ஓவர்’ என்று எடுத்துக்காட்டுகளும் அடுக்கினார். நமக்கு இது கடினமாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய சான்று இருக்கிறது.

மலையும் பில்லும்

வினைக்கு அருகில் ஒரு சிறுசொல் இருந்தால் போதுமா? இலக்கண வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் ஓர் இணை இது:

ஷி ரேன் அப் எ ஹில்.
ஷி ரேன் அப் எ பில்.

பார்வைக்கு ஓர் எழுத்துதான் வேறு. முதலாவதில் அவள் ஒரு குன்றின் மேல் ஓடினாள். இரண்டாவதில் கடையிலோ ஓட்டலிலோ அவள் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போனது. முதல் வாக்கியத்தில் ‘அப்’ என்ற சொல்லின் உறவு ‘ஹில்’லோடு. எங்கே ஓடினாள் என்றால் ‘அப் எ ஹில்’ என்று தனியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் ‘அப்’பின் உறவு ‘ரேன்’னோடு. எங்கே ஓடினாள் என்று கேட்டு ‘அப் எ பில்’ என்று பதில் சொன்னால் யாருக்கும் புரியாது.

உறவு யாரோடு என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. ‘ஷி ரேன் த பில் அப்’ என்று மாற்றிச் சொல்லலாம், இலக்கணப்படி சரி. ‘ஷி ரேன் த ஹில் அப்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். பெயரைப் பற்றிக்கொண்டு நிற்கும் சொல் ப்ரெபொசிஷன். அது தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். வினையைப் பற்றிக்கொண்டு நிற்பதே நம் சிறுசொல். அதற்குக் கொஞ்சம் நடமாட்டச் சுதந்திரம் உண்டு. ஆக, ஒரே ‘அப்’ ஓரிடத்தில் ப்ரெபொசிஷனாகவும் வேறிடத்தில் சிறுசொல்லாகவும் வேலை செய்யும். சொல்லைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது, அதன் உறவைப் பார்க்கவேண்டும்.

‘லுக் ஆஃப்டர்’ போன்றவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ‘ஆஃப்டர்’ இங்கே ப்ரெபொசிஷன் போலத்தான் நடந்துகொள்கிறது, பிரியாது. ஆனால் ‘பார்த்துக்கொள்’ என்ற பொருள் ‘லுக்’கிலும் இல்லை, ‘ஆஃப்டர்’இலும் இல்லை. கறாரான இலக்கணக்காரர்கள் இதை ஃப்ரேசல் வெர்ப் கணக்கில் சேர்ப்பதில்லை. கற்போருக்கான அகராதிகள் சேர்த்துக்கொள்கின்றன. நான் அகராதிகள் பக்கம். புதிதாகக் கற்பவருக்குத் தலைவலி தருவது பொருள்தான், வகைப்பெயர் அல்ல.

இதுவரை பார்த்தது: ஃப்ரேசல் வெர்பில் சிறுசொல் வினையைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு பொருள் தரும். பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக எல்லாச் சிறுசொல்லும் அந்த வகையில் வந்துவிடாது.

‘இட்’ எங்கே உட்காரும்?

நாம் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தே புட் ஆஃப் த மீட்டிங்.
தே புட் த மீட்டிங் ஆஃப்.

இரண்டும் சரி, பொருளிலும் வேறுபாடில்லை. ‘த மீட்டிங்’ என்பதற்குப் பதிலாக ‘இட்’ வந்தால் மட்டும் சுதந்திரம் போய்விடும். ‘தே புட் இட் ஆஃப்’ ஒன்றுதான் சரி. ‘தே புட் ஆஃப் இட்’ தவறு. ஹிம், ஹெர், தெம், மி, அஸ் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்.

ஏன்? ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் பொதுவாகக் கனமான இடம். புதிய செய்தி அங்கே வரும், குரலும் அங்கே அழுந்தும். ‘இட்’ என்று சொல்லும்போது கேட்பவருக்கு எதைப் பற்றிய பேச்சு என்பது முன்பே தெரியும். அதில் புதுச்செய்தி இல்லை, அதை அழுத்திச் சொல்லவும் தேவையில்லை. அதனால் அது நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது. ‘ஆஃப்’ கடைசிக்கு வந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. சொல்லிப் பாருங்கள்: புட் இட் ஆஃப். குரல் ‘ஆஃப்’பில் ஏறவேண்டும். ‘லுக் அட் இட்’ என்பதில் அப்படி வராது, குரல் ‘லுக்’கிலேயே ஏறி இறங்கிவிடும், ‘அட்’ காதில் விழுந்தும் விழாமலும் போகும். சிறுசொல்லுக்கும் ப்ரெபொசிஷனுக்கும் உள்ள வேறுபாடு ஒலியிலேயே கேட்கிறது.

இதே காரணம் மறுபக்கமும் வேலை செய்யும். நடுவில் வைக்கும் தொடர் நீண்டுகொண்டே போனால் வாக்கியம் திணறும். ‘பொங்கலுக்கு மறுநாள் நடப்பதாக இருந்த, எல்லாக் கிளை மேலாளர்களும் கலந்துகொள்ளவேண்டிய கூட்டம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘புட்’டுக்கும் ‘ஆஃப்’புக்கும் நடுவில் திணித்தால், ‘ஆஃப்’ வந்து சேர்வதற்குள் கேட்பவர் ‘புட்’டை மறந்துவிடுவார். அப்போது ‘புட் ஆஃப்’ என்று முதலில் சேர்த்துச் சொல்லிவிட்டு, நீண்ட தொடரைப் பின்னால் விடுவதே வழக்கம். குட்டையானது உள்ளே போகலாம், ‘இட்’ போன்றது கட்டாயம் உள்ளே போகவேண்டும், நீளமானது வெளியே நிற்கவேண்டும்.

‘லுக் ஆஃப்டர்’ வகைக்கு இந்த ஆட்டமே கிடையாது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ மட்டும்தான். ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று ஒன்று இல்லை.

‘ஆஃப்’ செய்கிற வேலை

‘புட் ஆஃப்’ என்பதற்கு அகராதியில் பல பொருள்கள் இருக்கும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தே புட் ஆஃப் த மீட்டிங். கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்.
த ஸ்மெல் புட் மி ஆஃப். அந்த நாற்றத்தில் எனக்கு அது வேண்டாம் என்றாகிவிட்டது.
டோன்ட் புட் மி ஆஃப். என் கவனத்தைக் கலைக்காதே.

பட்டியலில் பார்த்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ‘ஆஃப்’ என்பதை ‘விலகி’ என்று வைத்துக்கொண்டு, விலகுவது எது, எதிலிருந்து விலகுகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலாவதில் கூட்டம் இன்றைய நாளிலிருந்து விலகிப்போகிறது. இரண்டாவதில் நான் அந்தப் பொருளிலிருந்து விலகிப்போகிறேன். மூன்றாவதில் என் கவனம் நான் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து விலகிப்போகிறது. விலகுகிற ஆள்தான் மாறுகிறாரே தவிர விலகல் ஒன்றேதான். ‘த ஸ்மெல் புட் மி ஆஃப் மை லஞ்ச்’ என்று முழுதாகச் சொல்லும்போது எதிலிருந்து விலகினேன் என்பதும் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது.

இந்தச் சாவி ‘புட்’டோடு நின்றுவிடுவதில்லை. விமானம் ‘டேக் ஆஃப்’ ஆகும்போது தரையிலிருந்து விலகுகிறது. பயணத்துக்கு ‘செட் ஆஃப்’ செய்பவர் வீட்டிலிருந்து விலகுகிறார். ‘கட் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ இரண்டிலும் தொடர்பு அறுகிறது. வலி ‘வேர் ஆஃப்’ ஆகும்போது கொஞ்சம் கொஞ்சமாக நம்மைவிட்டுப் போகிறது. கடனை ‘பே ஆஃப்’ செய்தால் கடனிலிருந்து விடுபடுகிறோம். ஒரு பொழுதுபோக்குத் தகவல்: ‘ஆஃப்’, ‘உடைய’ என்று பொருள்படும் ‘ஆவ்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அழுத்தி உச்சரித்த வடிவம் ‘ஆஃப்’ என்று தனியாகப் பிரிந்து, விலகல் பொருளை எடுத்துக்கொண்டது.

மற்றச் சிறுசொற்களுக்கும் இப்படிப் பழக்கமான போக்குகள் உண்டு. ‘அப்’ பல இடங்களில் முழுமையைக் காட்டும். ‘ஈட்’ என்றால் சாப்பிடு, ‘ஈட் அப்’ என்றால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு, ‘டேர் அப்’ என்றால் கிழித்துப்போடு. நம் ‘விடு’வும் ‘போடு’வும் செய்யும் வேலைக்கு இது வெகு அருகில் வருகிறது. ‘அவுட்’ பெரும்பாலும் உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவரும் அல்லது இல்லாமல் ஆக்கும்: ‘ஃபைண்ட் அவுட்’ செய்தால் மறைந்திருந்தது வெளியே வருகிறது, ‘புட் அவுட்’ செய்தால் நெருப்பு அணைகிறது.

ஆகவே வினையின் அகரவரிசையில் ‘புட் அப், புட் ஆன், புட் ஆஃப்’ என்று படிப்பதைவிட, ஒரு சிறுசொல்லைப் பிடித்துக்கொண்டு அது எந்தெந்த வினையோடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது பலன் தரும் என்பது என் எண்ணம். பாரம் சிறுசொல்லில் இருக்கும்போது வினையை வைத்து அடுக்குவது, வீட்டைத் தேட வந்தவருக்கு ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதாகும்.

அலாரம் அடித்தது, பால் கெட்டது

மேலே சொன்ன சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. ‘த பவர் வென்ட் ஆஃப்’ என்றால் கரண்ட் போய்விட்டது. ‘த அலார்ம் வென்ட் ஆஃப்’ என்றால்? அலாரம் நின்றுவிட்டது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வோம். உண்மை நேர்மாறு: அலாரம் அடித்தது. பட்டாசும் துப்பாக்கியும் இப்படியே ‘கோ ஆஃப்’ ஆகும், அதாவது வெடிக்கும். பிரிட்டனில் ‘த மில்க் ஹேஸ் கான் ஆஃப்’ என்றால் பால் கெட்டுவிட்டது. ஒரே ‘கோ ஆஃப்’ ஓரிடத்தில் அணைவதையும் இன்னோரிடத்தில் கிளம்புவதையும் மூன்றாவது இடத்தில் திரிவதையும் குறிக்கிறது. வில்லிலிருந்து அம்பு விலகுவது போல அலாரம் தன் பூட்டிலிருந்து விடுபட்டது என்று விளக்கம் கட்டலாம். ஆனால் இது விடை தெரிந்த பிறகு போடும் கணக்கு, முன்கூட்டியே ஊகிக்க உதவாது.

இன்னும் விசித்திரம், எதிரெதிர்ச் சிறுசொற்கள் ஒரே பொருள் தருவது. படிவத்தை நிரப்புவதை ‘ஃபில் இன்’ என்றும் சொல்வார்கள், ‘ஃபில் அவுட்’ என்றும் சொல்வார்கள். வீடு ‘பர்ன் அப்’ ஆனாலும் ‘பர்ன் டவுன்’ ஆனாலும் மிஞ்சுவது சாம்பல்தான்.

சுருக்கமாக: சிறுசொல்லின் போக்கு தெரிந்திருந்தால் புதிதாக ஒன்றைப் படிக்கும்போது நல்ல ஊகம் செய்யமுடியும், படித்ததை நினைவில் நிறுத்தவும் முடியும். ஊகத்தை அகராதியில் சரிபார்க்காமல் விட்டால் அலாரம் விஷயத்தில் மாட்டிக்கொள்வோம்.

வாக்கியத்தில் வைக்கும்போது

‘புட் ஆஃப்’புக்குப் பின்னால் ஒரு செயல் வந்தால் அது ‘இங்’ வடிவில் வரவேண்டும். ‘ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’ என்றால், பல் மருத்துவரிடம் போவதை நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். ‘புட் ஆஃப் டு கோ’ என்பது தவறு. எதுவரை என்று சொல்ல ‘டில்’ அல்லது ‘அன்டில்’ வரும்: ‘புட் இட் ஆஃப் டில் மண்டே’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’: ‘ஃபார் எ வீக்’. செயப்பாட்டு வினையில் இரண்டும் பிரியாமல் நிற்கும்: ‘த மீட்டிங் ஹேஸ் பீன் புட் ஆஃப்’. அங்கே ‘ஆஃப்’பை விட்டுவிட்டால் வாக்கியம் தொங்கும்.

‘புட் ஆஃப்’ வேறு, ‘கால் ஆஃப்’ வேறு. முதலாவது ஒத்திவைப்பு, இரண்டாவது ரத்து. ‘த மேட்ச் வாஸ் கால்ட் ஆஃப்’ என்று தலைப்புச் செய்தி பார்த்தால் ஆட்டம் வேறொரு நாளில் நடக்கும் என்று காத்திருக்கவேண்டாம்.

‘புட் ஆஃப்’பிலிருந்து ஒரு பெயரடையும் பிறந்திருக்கிறது: ‘ஆஃப்-புட்டிங்’. முகஞ்சுளிக்க வைக்கிற, நெருங்கவிடாத என்று பொருள். சிறுசொல் இங்கே முன்னால் ஓடிவந்துவிட்டதைக் கவனியுங்கள். ‘பிரேக் அவுட்’ செய்யும் நோய் ‘அவுட்பிரேக்’ ஆகிறது, பிள்ளையை ‘பிரிங் அப்’ செய்வது ‘அப்பிரிங்கிங்’ ஆகிறது, ‘கம் இன்’ ஆகிற பணம் ‘இன்கம்’. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் வினைக்கு முன்னால் ஒட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’ எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். பின்னாளில் சிறுசொல் வினைக்குப் பின்னால் நகர்ந்தது. ஆங்கிலத்தின் பங்காளியான ஜெர்மனில் இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கைவிடுவதற்கு ‘அவுஃப்கேபன்’ என்று ஒரே சொல், வாக்கியத்தில் வைத்தாலோ ‘இஹ் கேபெ அவுஃப்’ என்று ‘அவுஃப்’ கழன்று கடைசிக்குப் போய்விடும்.

‘போஸ்ட்போன்’ இருக்க இது எதற்கு?

நியாயமான கேள்வி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும், கல்வி வழியாக லத்தீனும் ஆங்கிலத்துக்குள் ஏராளமான வினைகளைக் கொண்டுவந்து இறக்கின. அதனால் ஒரே செயலுக்கு வீட்டுச்சொல் ஒன்றும் ஏட்டுச்சொல் ஒன்றும் ஆயின. நெருப்பை ‘புட் அவுட்’ செய்யலாம், ‘எக்ஸ்டிங்விஷ்’ செய்யலாம். ஒருவரை ‘புட் அப் வித்’ செய்யலாம், ‘டாலரேட்’ செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்தில் ‘போஸ்ட்’ என்றால் பின்னால், ‘போனெரே’ என்றால் வை. லத்தீன்காரரும் ஒரு ‘புட்’டோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துத்தான் வேலையை முடித்திருக்கிறார்.

ஆங்கிலேயக் குழந்தை ‘புட் ஆஃப்’பை வீட்டில் கற்று, ‘போஸ்ட்போன்’னைப் பள்ளியில் கற்கிறது. நமக்கு ஆங்கிலம் பாடப்புத்தகம் வழியாகவும் அலுவலகக் கடிதம் வழியாகவும் வந்ததால் வரிசை தலைகீழ். ‘போஸ்ட்போன்’ நாவில் சரளமாக வரும், ‘புட் ஆஃப்’ தயங்கும். இரண்டும் ஒரே எடை அல்ல. நிர்வாகம் கூட்டத்தை ‘போஸ்ட்போன்’ செய்கிறது, நான் பல் மருத்துவரை ‘புட் ஆஃப்’ செய்கிறேன். இரண்டாவதில் கொஞ்சம் மனமில்லாமையும் சோம்பலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதற்காக ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் கொச்சை என்று ஒதுக்கிவிடவேண்டாம். ‘கேரி அவுட்’ ஆய்வுக் கட்டுரைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் தாராளமாக வரும். ‘பாயின்ட் அவுட்’ தலையங்கங்களில் வரும். சில சாதாரணப் பேச்சுக்கு உரியவை, சில எங்கும் செல்லுபடியாகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டியதுதான்.

நம்மூர் ஆங்கிலத்தில்

‘ஃபேனை ஆஃப் பண்ணு’, ‘லைட்டை ஆன் பண்ணு’. தமிழ் இங்கே சாமர்த்தியமாக ஒன்று செய்திருக்கிறது. ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பவற்றிலிருந்து வினையைக் கழற்றிப்போட்டு, பொருள் சுமக்கும் சிறுசொல்லை மட்டும் வாங்கி, ‘பண்ணு’ என்ற நம் வினையை மாட்டிக்கொண்டது. தமிழில் இது முழுக்கச் சரி. இதையே ஆங்கிலத்துக்குத் திருப்பி ‘ஆஃப் த ஃபேன்’ என்று சொல்லும்போதுதான் கோளாறு. அங்கே கழற்றிய வினையைத் திரும்ப மாட்டவேண்டும்: ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’, ‘டர்ன் இட் ஆஃப்’.

‘கோப் அப் வித்’ இன்னொன்று. வேலைச்சுமையைச் சமாளிக்கமுடியவில்லை என்று சொல்ல நம்மவர்கள் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். சரியான வடிவம் ‘கோப் வித்’. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’ என்று மூன்று சொல் சேர்ந்து வருபவை இருப்பதால், அவற்றின் சாயலில் இங்கும் ஓர் ‘அப்’ புகுந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஈர்க்கும் பிழைதான், தேர்வில் மதிப்பெண் போகும்.

‘பாஸ் அவுட்’ சங்கதி வேறு. கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்ற பொருளில் இந்தியாவில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2015’ என்கிறோம். அமெரிக்கரோ ஆங்கிலேயரோ அதைக் கேட்டால் 2015-இல் மயங்கி விழுந்தீர்கள் என்று புரிந்துகொள்வார். பயிற்சியை முடிப்பது என்ற பொருள் ராணுவத்தில் நிற்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்தவர்களுக்கு நடப்பது ‘பாஸிங் அவுட் பரேட்’தான். ‘வேர் ஆர் யு புட் அப்?’ என்று கேட்டு ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று விசாரிப்பதும் நம் பக்கத்து வழக்கு. வெளியே ‘புட் அப்’ என்றால் சில நாள் தங்க இடம் கொடுப்பது. இவற்றைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். இந்திய ஆங்கிலத்துக்குள் எல்லாருக்கும் புரிகின்றன. கேட்பவர் வெளியூர்க்காரர் என்றால் மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே. முன்னதாகவே நடத்துவது என்ற பொருளில் நாம் விரும்பிப் பயன்படுத்தும் ‘ப்ரீபோன்’ வெளிநாட்டில் பலருக்குப் புரியாது. அங்கே அதற்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’.

எதிலிருந்து தொடங்குவது?

ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே என்ற பயத்துக்கு ஒரு மருந்து உண்டு. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு மொழியியலாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பை, அதாவது ஆங்கிலப் பேச்சும் எழுத்தும் திரட்டிய களஞ்சியத்தை, ஆராய்ந்து 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கோ, கம், டேக், கெட், புட் போன்ற வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் தமக்குள் சேர்ந்து உருவாக்குபவையே அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கு மேல். கையேட்டின் 500-ஐ விட்டுவிட்டு இந்தச் சிறு வட்டத்துக்குள் முதலில் புழங்குவது புத்திசாலித்தனம்.

ஒன்றைக் குறித்துவைக்கும்போது ‘புட் ஆஃப் = தள்ளிப்போடு’ என்று எழுதினால் பாதி தொலைந்துபோகும். உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். எல்லாரிடமும் தள்ளிப்போட்ட வேலை ஒன்றாவது இருக்கும், எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. பிறகு அதே வாக்கியத்தை ‘இட்’ வைத்து ஒருமுறை எழுதுங்கள். பொருளும் இடமும் ஒன்றாகப் பதியும்.

அகராதியைப் பார்க்கும்போது ‘புட்’ என்ற தலைச்சொல்லின் கீழே போகவேண்டும், ‘ஆஃப்’பின் கீழே தேடினால் கிடைக்காது. அங்கே ‘புட் சம்திங் ஆஃப்’ என்று நடுவில் ‘சம்திங்’ வைத்துக் காட்டியிருந்தால் பெயர்ச்சொல் உள்ளே நுழையலாம் என்று அர்த்தம். லாங்மன் அகராதியில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் முனை உள்ள அம்புக்குறி ஒன்று இருக்கும். பெயர் உள்ளேயும் வரலாம் வெளியேயும் வரலாம் என்பதற்கான அடையாளம் அது. அம்புக்குறி இல்லாமல், ‘லுக் ஆஃப்டர் சம்படி’ என்பது போலச் சிறுசொல்லுக்குப் பின்னால் மட்டும் இடம் விட்டிருந்தால் பிரிக்கக்கூடாது, ‘ஹிம்’ ஆனாலும் ‘இட்’ ஆனாலும் கடைசியில்தான்.